ஜங்புராவில் மாவு ஆட்டுகிறோம்

டெல்லியில் ஜனவரி மாதம் இட்லி மாவு புளிக்காது. ஊரில் ராத்திரி ஆட்டி வைத்தால் விடியும்போது பாத்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாவு, இங்கே மறுநாள் மதியம் வரைக்கும் வைத்தது வைத்தபடியே கிடக்கும். 2021 புத்தாண்டு அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 1.1 டிகிரி. அதே ஊரில் மே மாதக் கடைசியில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அப்போது காலையில் ஆட்டிய மாவு மதியத்துக்குள் பொங்கி வழிந்து, சாயங்காலம் வாயில் வைக்க முடியாத புளிப்புக்குப் போய்விடும். இந்த இரண்டு பருவத்திலும், வருஷம் முழுக்க, ஒரே பதத்தில் மாவு கொடுப்பதுதான் இப்போது எனக்குத் தொழில்.

இதற்குள் எப்படி வந்தீர்கள் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முக்கியமாக, கணவர் வேலைக்காக வடக்கே வந்து, படித்த படிப்புக்கு ஏற்ற வேலை அமையாமல் வீட்டில் இருக்கிற பெண்கள். அவர்களுக்காகத்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் மதுரைக்காரர்கள். 2016இல் அவருக்கு டெல்லிக்கு மாற்றல் வந்தது, திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறி நிஜாமுதீனில் வந்து இறங்கினோம். ஸ்டேஷனுக்குப் பக்கமாகவே ஜங்புரா எக்ஸ்டென்ஷனில் முதல் மாடி வீடு கிடைத்தது. ஊரில் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே இந்தி வராமல் வெளியே வேலை தேடுவது கஷ்டமாக இருந்ததால், ஒரு சின்ன நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுத்தேன். பணம் அதில் வந்தது. மனசுக்குப் பிடித்த வேலை என்றால் அது மாவு ஆட்டுவதுதான். உளுந்து கல்லில் விழுந்து, தண்ணீர் தெளிக்கத் தெளிக்கப் பொங்கி, வெண்ணெய் மாதிரி திரண்டு வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் கூடுதலாக ஆட்டி, பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுப்பேன். தூக்குவாளியோடு வருவார்கள், கொடுத்த காசை வாங்கிக்கொள்வேன். கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியும் தன் பேரனுக்காக வாங்க ஆரம்பித்தார்.

குளிர்காலம் வந்ததும்தான் விஷயம் சிக்கலானது. பாத்திரத்தை ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையில் சுற்றி வைக்கச் சொன்னார்கள், கீசருக்கு மேலே வைக்கச் சொன்னார்கள், பழைய மாவில் ஒரு கரண்டி கலக்கச் சொன்னார்கள். எல்லாமே ஓரளவுக்கு உதவும், வீட்டுக்கு அது போதும். ஆனால் பத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது ஒரு நாள் பொங்கும், ஒரு நாள் பொங்காது என்றால் ஆகாது. அதனால் உள்ளே என்னதான் நடக்கிறது என்று படித்துப் பார்த்தேன். உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வருகிற நுண்ணுயிரிகள், முக்கியமாக லியூகோனாஸ்டாக் என்கிற வகை, மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. அந்த வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் அதன் வழவழப்பும். 28இலிருந்து 32 டிகிரி வரைக்கும் அவை நன்றாக வேலை செய்யும். சரி, அப்படியானால் நமக்கு வேண்டியது அந்தச் சூட்டைப் பிடித்து வைக்க ஓர் இடம். தெரிந்த மரவேலைக்காரரிடம் சொல்லி ஒரு ப்ளைவுட் பெட்டி செய்து, உள்பக்கம் தெர்மோகோல் ஒட்டி, ஒரு குண்டு பல்பும் சூடு ஏறினால் தானாக அணைகிற தெர்மோஸ்டாட்டும் வைத்தோம். பல்பு மாவுப் பாத்திரத்துக்கு நேரே படாமல் ஓரமாக இருக்க வேண்டும், அது முக்கியம். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் புளிக்கும். ஜனவரியிலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் மாவு எழுந்து நின்ற அந்த விடியற்காலையில் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதிக் காட்டத் தெரியவில்லை.

வெயில் காலத்துக்கு வழி வேறு. கிரைண்டர் கல்லே சூடாகிவிடும், அதனால் உளுந்தை ஃப்ரிட்ஜில் ஊற வைத்து, ஐஸ் தண்ணீர் விட்டு ஆட்டுவோம். அரிசியையும் விடியற்காலை நாலு மணிக்கே ஆட்டி முடித்துவிடுவோம். புளிக்க மூன்று நான்கு மணி நேரம் போதும், உடனே குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும். பாக்கெட்டில் அடைக்கும்போது மேலே நிறைய இடம் விட வேண்டும். உள்ளே வாயு வந்துகொண்டே இருப்பதால், நிறைத்து ஒட்டினால் வெடிக்கும்.

அப்புறம் அரிசி. இங்கே மளிகைக் கடையில் புழுங்கலரிசி கேட்டால் பாஸ்மதி வகையில் நீள நீளமாக ஒன்றைக் கொடுப்பார்கள். பிரியாணிக்கு அது அருமையாக இருக்கும், இட்லிக்குச் சரிவராது. நமக்கு வேண்டியது ஏடிடி 37 ரகம் மாதிரி குண்டரிசி. ஐஎன்ஏ மார்க்கெட்டில் தென்னிந்தியச் சாமான் விற்கும் கடைகளில் இட்லி அரிசி கிடைக்கும், ஊரைவிட விலை அதிகம்தான். உளுந்துக்குப் பழைய டெல்லி நயா பஜார் போவேன். தானியமும் பருப்பும் மொத்தமாக விற்கிற இடம், பக்கத்திலேயே மசாலாவுக்குப் பெயர் போன காரி பாவ்லி. அங்கே மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, அரை கிலோ மட்டும் வாங்கி வந்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூட்டை எடுப்பேன். பழைய உளுந்தில் மாவு காணவே காணாது, எவ்வளவு ஆட்டினாலும் தண்ணீரில் கரைந்த மாதிரி நிற்கும். நம் நாட்டுக்கு உளுந்து பெருமளவில் மியான்மரிலிருந்து வருகிறது, அங்கே ஏதாவது ஆனால் நயா பஜாரில் விலை ஏறும். வீட்டுக்கு ஆட்டிய காலத்தில் இதெல்லாம் என் காதில் விழுந்ததே இல்லை, இப்போது முதலில் பார்ப்பதே அந்த விலையைத்தான்.

2020 ஊரடங்கில் வெளிச்சாப்பாடு நின்றதும் மாவு கேட்பவர்கள் பெருகினார்கள். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை, எல்லா ஊரிலும் நடந்ததுதான். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு அடுத்து நடந்தது.

என்னால் ஒற்றை ஆளாக முடியவில்லை. கீழ்வீட்டில் வேலை பார்த்த அக்கா ஒருவர் வந்து சேர்ந்தார். கள்ளக்குறிச்சிப் பக்கம் சொந்த ஊர். ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய்க் கரையில் இருந்த மதராசி கேம்ப்பில் குடியிருந்தார். அந்தக் குடியிருப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த இடம் அது. சுற்றியிருக்கும் காலனிகளில் வீட்டு வேலை செய்தவர்கள் பலர் அங்கிருந்துதான் வருவார்கள், பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள். அக்காவுக்கு மாவு என்றால் கையே கண். "கல்லு சூடேறிப் போச்சு கண்ணு, தண்ணி தெளி" என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார். நான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும்.

மாதச் சம்பளம் என்று ஒன்று அவருக்குக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் இது தொழில் ஆனது என்று நான் நினைக்கிறேன். ஆர்டர் கூடியதாலோ பெயர் வைத்ததாலோ அல்ல. அதுவரைக்கும் முடியாத வாரம் ஆட்டாமல் விட்டுவிடலாம். இப்போது அப்படி விட்டால் இன்னொருவர் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தச் சம்பளத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்தபோதுதான் விலையையும் சரியாகப் போட முடிந்தது. ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம் போட்டால் இரண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே மாவு வரும். அரிசி உளுந்து விலையை மட்டும் வகுத்துப் பார்த்தால் லாபம் நிறைய இருப்பது போலத் தெரியும். மின்சாரம், பாக்கெட், கொண்டுபோய்க் கொடுக்கிற பையனுக்குக் கூலி, அக்கா சம்பளம், பிறகு என் சொந்த மணி நேரங்கள், இத்தனையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் தொழில் செய்கிற பெண்கள் பலர் தங்கள் உழைப்புக்குப் பூஜ்யம் போடுகிறார்கள், எனக்கு அதைப் பார்த்தால் கோபமே வருகிறது. கணக்குப் படித்தவளாக மறுபடி மறுபடி சொல்வேன், உங்கள் மணி நேரத்துக்கு ஒரு விலை எழுதுங்கள், சின்னதாகவாவது எழுதுங்கள்.

விலை ஏற்றியபோது சிலர் நின்றுவிட்டார்கள், பெரும்பாலோர் நிற்கவில்லை. "மாமி, உங்க மாவுல செஞ்ச இட்லிய புள்ள ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போனா சாயங்காலம் வரைக்கும் மெத்துன்னு இருக்கு" என்று ஒரு பெண் சொன்னாள். நான் மாமி இல்லை, ஆனால் டெல்லியில் தமிழ் பேசுகிற நடுவயதுப் பெண் யாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பழகிவிட்டது.

காகித வேலைகளை ஒரே வாரத்தில் முடிக்கலாம், பயப்பட வேண்டாம். நான் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு மட்டும் போதும், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம். 14 இலக்க எண் ஒன்று தருவார்கள், அதைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். கூடவே எடை, விலை, ஆட்டிய தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, முகவரி, சைவத்துக்கான பச்சைப் புள்ளி. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் காசே கிடையாது. பணம் கேட்கிற இணையதளம் எதுவும் அரசுடையது அல்ல, கவனமாக இருங்கள். பொருள் விற்பவர்களுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படவில்லை. ஈரமாவுக்கு வரியை 2017 நவம்பரில் 5 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். பெரிய கிரைண்டர் வாங்க, குறு உணவுத் தொழில்களுக்காக 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் கடன் எடுத்தேன், செலவில் 35 சதவீதம் மானியம், நம் பங்கு குறைந்தது 10 சதவீதம். வங்கியில் கேட்ட காகிதங்களில் பாதி, நான் முதல் நாளிலிருந்து எழுதி வைத்திருந்த வரவு செலவு நோட்டுதான்.

மின்சாரம் தனிக் கதை. டெல்லியில் வீட்டு இணைப்புக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணம் இல்லை, 400 வரை பாதி மானியம். கிரைண்டரும் குளிர்பெட்டியும் ஓட ஆரம்பித்தால் அந்தக் கோடு எங்கேயோ போய்விடும், வீட்டு மீட்டரில் தொழில் நடத்துவதும் முறையல்ல. பக்கத்திலேயே இருக்கிற போகலில் தரைத்தளத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, வணிக மீட்டர் வாங்கி, சாய்த்துக் கொட்டுகிற கிரைண்டரைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தோம்.

2025 ஜூன் 1 அன்று, நீதிமன்ற உத்தரவின்படி, மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 370 வீடுகள். தகுதி உண்டு என்று பட்டியலில் வந்தவர்களுக்கு டெல்லியின் வடக்குக் கோடியில் இருக்கிற நரேலாவில் அடுக்குமாடி வீடு, பட்டியலில் வராதவர்களுக்கு அதுவும் இல்லை. அக்காவுக்கு நரேலாவில் கிடைத்தது. சுவரும் கூரையும் கிடைத்தது நல்லதுதான், ஆனால் அவர் உழைத்துச் சாப்பிட்ட இடம் மொத்தமும் இங்கே இருக்கிறது. ஜங்புராவிலிருந்து நரேலா சுமார் 40 கிலோமீட்டர். மெட்ரோவில் வயலட் லைனில் கஷ்மீரி கேட் போய், மஞ்சள் லைனுக்கு மாறி, சமய்பூர் பாத்லியில் இறங்கி, அதற்குமேல் பஸ். விடியற்காலை நாலு மணிக்கு மாவு ஆட்ட அவர் எப்படி வருவார்? சில வாரம் தங்கை வீட்டில் தங்கி வந்தார், உடம்பு தாங்கவில்லை.

வேறு ஆள் வைத்துக்கொள் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை, கணக்கும் ஒப்பவில்லை. நரேலாவுக்குக் கொண்டுபோய் விடப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கே பக்கத்தில் மாவு வாங்க இடமில்லை, இட்லி அரிசி வாங்கவும் இல்லை. ஆகவே அவர் இங்கே வருவதற்குப் பதிலாகத் தொழிலை அங்கே கொண்டுபோனோம். என் பழைய கிரைண்டரும் சேமிப்பிலிருந்து வாங்கிய ஒரு குளிர்பெட்டியும் நரேலாவில் ஒரு சின்னக் கடைக்குப் போயின. அரிசியும் உளுந்தும் நான் நயா பஜாரிலிருந்தும் ஐஎன்ஏவிலிருந்தும் சேர்த்து வாங்கி அனுப்புகிறேன், ஆட்டுவதும் விற்பதும் அவர். எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்பதால் அங்கே உள்ள எண் அக்கா பெயரிலேயே இருக்கிறது. லாபத்தில் முதல் பங்கு அவருக்கு, சாமான் காசு போக மீதியில் எனக்கு ஒரு பங்கு. நரேலா வெட்ட வெளி, ஜங்புராவைவிடக் குளிர் கடுமையாக இருக்கும், பெட்டிக்கு ஒரு பல்பு போதாது, இரண்டாகப் போடச் சொல் என்று அக்கா நேற்று போனில் சொன்னார். மரவேலைக்காரரிடம் அளவு கொடுத்திருக்கிறேன், தீபாவளிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.