இழுக்கிற வண்டிக்குப் பெரிய டயர்

மாரி தொடங்கப் போகிறது என்றாலே பெரிய டயர் கேட்டுக் கெப் (பிக்கப்) வண்டிகள் எங்கள் கராஜுக்கு வரும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்பவர்களுக்குச் சேறு பிரச்சினை, கரையோரம் போட் இழுப்பவர்களுக்கு மணல் பிரச்சினை. சேற்றில் மட்டும் ஓடுகிற வண்டியென்றால் நான் அதிகம் பேச மாட்டேன். ஆனால் பின்னால் ட்ரெய்லர் கொழுவுகிற வண்டிக்குப் பேசாமல் டயரைப் பூட்டிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

235/75ஆர்15 டயர் போட்டிருக்கும் வண்டிக்கு 31 அங்குல டயர் கேட்கிறார்கள் என்று வைப்போம். பழையதன் உயரம் 734 மில்லிமீட்டர் அளவு, புதியது 787. கண்ணுக்கு இரண்டு அங்குலம்தான் கூடியிருக்கும். ஆனால் சில்லு ஒருமுறை சுற்றும்போது வண்டி 17 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடுகிறது. அதாவது எல்லாக் கியரும் 7 வீதம் உயர்ந்துவிடும், நிலத்தில் தள்ளுகிற பலம் அதே அளவு குறைந்துவிடும். பின்னச்சில் 4.1 விகிதம் (சில்லு ஒருமுறை சுற்ற, அச்சுக்கு வரும் தண்டு 4.1 முறை சுற்றும்) இருந்த வண்டி 3.8 இருந்த வண்டி மாதிரி நடக்கும். மீட்டரில் 60 காட்டும்போது உண்மையான வேகம் 64.

எங்கள் ஊரில் இது சட்டென்று தெரியாது. கல்லடிப் பாலத்திலிருந்து கல்முனை வரை தெரு மட்டமாகவே கிடக்கிறது. ஐந்தாம் கியரில் இழுக்காவிட்டால் நாலாம் கியர், அவ்வளவுதான். தெரிவது இரண்டு இடங்களில். ஒன்று, செங்கலடியிலிருந்து ஏ5 வீதியால் பிபிலை தாண்டி லுணுகலை, பதுளை என்று மலை ஏறும்போது. மற்றது, வாவிக்கரையில் ஈரச் சரிவிலிருந்து போட்டை மேலே எடுக்கும்போது. அங்கே வண்டி நகர்வதற்குள் கிளட்ச் வேகும்.

வாழைச்சேனைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் வந்தார். "புல்லிங் இல்ல மனே, இன்ஜின் வேலை வந்திட்டோ?" என்று கேட்டார். அதற்கு முன்னரே வேறொரு இடத்தில் டீசல் பம்பைக் கழற்றிப் பூட்டிக் காசு வாங்கியிருந்தார்கள். டயர் எப்போது மாற்றினது என்று கேட்டேன். "அது போன மாரிக்கு." கிளட்ச் தட்டு தேய்ந்து முடிந்திருந்தது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. "ஐயா, இன்ஜின் நல்லா இருக்கு. டயர்தான் அதுக்குப் பாரம்" என்று கணக்கைத் தரையில் எழுதிக் காட்டினேன். டீசல் கூடக் குடிக்குது என்றும் சொன்னார். அதில் ஒரு பகுதி மீட்டரின் வேலை. மீட்டர் 100 கிலோமீட்டர் என்று காட்டும்போது வண்டி 107 ஓடியிருக்கும்.

புல்லிங் குறைந்தால் மெல்லப் போகலாம். பிரேக் அப்படியில்லை, அதுதான் எனக்குப் பெரிய கவலை. டயர் உயர்ந்தால் அதே பிரேக் பிடிக்கும் பலமும் குறைகிறது. டயரின் நிறையும் கூடும். பின்னால் பிரேக்கே இல்லாத ட்ரெய்லர், அதில் போட், இன்ஜின், வலை. சந்தியில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால் நிற்க வேண்டிய தூரத்தை யாரும் முன்கூட்டி அளந்து வைப்பதில்லை.

வண்டி உயர்ந்தால் பின்கொக்கியும் உயரும், ட்ரெய்லரின் மூக்கு மேலே போகும், பாரம் பின்னுக்குச் சாயும். ட்ரெய்லர் நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவாவது கொக்கியில் இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும். பெரிய டயர் வேண்டியே ஆக வேண்டுமென்றால் கொக்கியை இறக்கிப் பூட்ட வேண்டும், வசதியிருந்தால் பின்னச்சு விகிதத்தைத் தீர்மானிக்கும் பற்சக்கரங்களான கிரவுன் பினியனையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கேட்டதும் பலர் யோசிப்பார்கள்.

நான் சொல்வது வேறு வழி. உயரத்தைத் தொடாமல், நிலத்தைப் பிடிக்கும் நல்ல கட்டைகள் மேற்பரப்பில் உள்ள, பாரம் தாங்கும் டயராக எடுங்கள். பக்கச் சுவரில் உள்ள பாரக் குறியீட்டைப் பாருங்கள்: 104 என்றால் ஒரு டயருக்கு 900 கிலோ, 109 என்றால் 1030 கிலோ. மணலில் இறங்கும்போது காற்றைக் குறைத்தால் டயர் நிலத்தில் நீளமாகப் படியும். மெல்லிய மணலில் இரண்டு அங்குல உயரத்தை விட இது உதவும். தார் ரோட்டில் ட்ரெய்லரோடு ஏறமுன் காற்றை மறுபடி நிரப்பியே ஆக வேண்டும். 'ஃபோர் வீல் லோ' (நாலு சில்லும் மெதுவாக, கூடிய பலத்தோடு இழுக்கும் கியர்) இருக்குதுதானே என்பார்கள் சிலர். ஈரச் சரிவுக்குச் சரி. ஆனால் நமது பெரும்பாலான கெப்களில் அதைக் காய்ந்த தாரில் போட்டு ஓடினால் கியர்ப் பெட்டிக்குள் இறுகிவிடும், மலைக்கு உதவாது.

பெரியவர் பழைய அளவுக்கே மாறினார். கழற்றிய 31 அங்குல டயர்களை, ட்ரெய்லர் கொழுவாத ஒரு வயல்காரத் தம்பி வாங்கிப் போனார். இரண்டு பேருக்கும் சொல்லி அனுப்பினேன்: நூறு கிலோமீட்டர் ஓடும் முன் வந்து நட்டுகளை இன்னொருக்கா இறுக்கிக்கொண்டு போங்கள்.