காலாவதிக்குப் பதினொரு நாள் முன்பு

ஜூன் 8

துரோகத்துக்குப் பழிவாங்கும் கொள்ளைக் கதை ஒன்றை எழுதும் எண்ணத்தில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பணத்தைப் பாதுகாத்து எடுத்துச் செல்லும் பிரிங்ஸ் நிறுவனத்தில் நடந்த கொள்ளை வழக்கைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1950 ஜனவரி 17 அன்று இரவு, முகமூடியும் ஓட்டுநர் தொப்பியும் அணிந்த ஏழு பேர் அந்நிறுவனத்துக்குள் புகுந்து, ஊழியர்கள் ஐவரைக் கட்டிப்போட்டுவிட்டு, ரொக்கமாக மட்டும் 12 லட்சம் டாலருக்கு மேல் அள்ளிச் சென்றனர். வெளியே இருந்தவர்களையும் சேர்த்தால் கூட்டாளிகள் பதினொரு பேர். முன்கூட்டியே இரவுகளில் கதவுப் பூட்டுகளின் உட்பகுதியைக் கழற்றிச் சென்று, சாவி செய்துகொண்டு, யாருக்கும் சந்தேகம் வராதபடி திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள்.

ஜூன் 10

கதை உண்மையில் பங்கு பிரித்த பிறகுதான் தொடங்குகிறது. அந்தப் பதினொரு பேரில் ஒருவனான ஜோசப் ஓகீஃப் தன் பங்கில் பெரும்பகுதியைக் கூட்டாளி ஒருவனிடம் கொடுத்துவைத்தான். அதே ஆண்டு ஜூனில் வேறொரு திருட்டுக்காகப் பென்சில்வேனியாவில் பிடிபட்டுச் சிறைக்குப் போனான். பின்னர் பணத்தைக் கேட்டபோது, ஒளித்துவைத்த இடத்திலிருந்து ஒரு பகுதி களவு போய்விட்டது என்றும், மீதி அவனுடைய வழக்குக்கே செலவாகிவிட்டது என்றும் பதில் வந்ததாக அவனே பிற்பாடு சொல்லியிருக்கிறான். திருடனிடம் திருடியவன் கணக்கும் காட்டுகிறான்! இப்படி ஒரு பதிலை நான் கற்பனையில் எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பேன்.

1954 மே மாதம் ஓகீஃப் மற்றொரு கூட்டாளியைக் கடத்தி, பணயத் தொகையில் ஒரு பகுதியைக் கறந்தான். மறுமாதமே எல்மர் பர்க் என்ற கூலிக் கொலையாளி இயந்திரத் துப்பாக்கியுடன் அவனைத் துரத்தினான். மணிக்கட்டிலும் மார்பிலும் காயம் பட்டும் ஓகீஃப் பிழைத்துக்கொண்டான்.

ஜூன் 13

பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டப்படி அந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடர ஆறு ஆண்டுகள்தான் கெடு. 1956 ஜனவரி 17 கடந்துவிட்டால், ஓகீஃபைக் கொல்ல ஆள் அனுப்பியவர்கள் அவன் பணத்தோடு நிம்மதியாக நடமாடலாம். அவனோ அப்போது அடைபட்டிருந்த ஸ்பிரிங்ஃபீல்டு சிறையிலேயே கிடக்க வேண்டும். ஜனவரி 6 அன்று அவன் எஃப்.பி.ஐ. அதிகாரிகளிடம் வாயைத் திறந்தான். அடுத்த ஆறாம் நாள் கைது தொடங்கியது. அக்டோபரில், விசாரிக்கப்பட்ட கூட்டாளிகள் எட்டுப் பேருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ரொக்கத்தில் மீட்கப்பட்டது சுமார் 58,000 டாலர்தான்; பழி தீர்ந்ததே தவிர அவனுக்குப் பங்கு கிடைக்கவில்லை.

என் வரைவில் நாயகன் கையில் கொடுத்திருந்த துப்பாக்கியை இன்று பிடுங்கிவிட்டேன். பழிவாங்கத் துடிப்பவன் சுடுவதைவிட, கெடு முடியும் தேதியைத் தெரிந்துகொண்டு பேசாமல் காத்திருப்பதுதான் வாசகனுக்குக் கூடுதல் பீதி தரும். முதல் அத்தியாயத்தைச் சிறையின் விசாரணை அறையிலிருந்து தொடங்குவதாக முடிவு; கொள்ளைக்கு இரண்டு பக்கம் போதும்.