பாலைவனத்தில் மத்தி தின்ற திமிங்கலம்

பெருவின் இக்கா நகரிலிருந்து தெற்கே போனால் ஒகுகாஹே பாலைவனம். தார்ச்சாலை முடிந்தபின் வண்டித் தடம்தான் வழி. சில இடங்களில் அதுவும் கிடையாது, ஓட்டுநர் மலைகளைப் பார்த்தே திசை பிடிக்கிறார். நாங்கள் போனது செர்ரோ கொலராடோ என்ற மேட்டுப் பகுதிக்கு. ஒரு காலத்தில் அது கடலடி. காற்று மண்ணை அரிக்க அரிக்க, திமிங்கல முதுகெலும்புகள் தரைமட்டத்தில் வரிசையாக வெளியே தெரிகின்றன. அங்கே பதிவான முதுகெலும்பு உயிரிகளின் எச்சங்கள் மட்டும் முந்நூறுக்கும் மேல்.

2008இல் லிவியாத்தன் என்ற ராட்சத ஸ்பெர்ம் திமிங்கலம் கிடைத்ததும் இதே இடத்தில்தான். 36 சென்டிமீட்டர் பல் உள்ள பிராணி, புகழ் பெறாமல் இருக்குமா? ஆனால் நான் போனது அதன் நிழலில் மறைந்துபோன வேறொன்றுக்காக. மெசாப்பிசீட்டஸ் கிரிகாரியஸ் என்ற அலகுத் திமிங்கலம். நீளம் நாலைந்து மீட்டர், காலம் ஏறக்குறைய 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

இன்றைய அலகுத் திமிங்கலங்களைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. கரையை விட்டு விலகி, ஆழத்தில் கணவாய்களை உறிஞ்சித் தின்று வாழ்பவை. பெரும்பாலான இனங்களில் ஆணின் கீழ்த்தாடையில் மட்டும் ஓரிரு ஜோடிப் பற்கள் வெளியே நீட்டியிருக்கும், அதுவும் சண்டைக்குத்தான். குவியே அலகுத் திமிங்கலம் ஒன்று மூச்சடக்கி 222 நிமிடம் நீருக்குள் இருந்ததாக 2020இல் அறிவித்தார்கள். இந்த இனத்துக்கு 1823இல் பெயர் வைத்த பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே, பிரான்சில் கிடைத்த மண்டையோட்டை வைத்து அது அழிந்துபோன விலங்கு என்றே நினைத்தார். அது உயிரோடு நீந்திக்கொண்டிருக்கிறது என்று தெரிய இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

மெசாப்பிசீட்டஸ் அப்படியில்லை. நீண்டு மெலிந்த அலகு, மேலும் கீழும் வரிசையாகப் பற்கள். கவ்விப் பிடிக்கிற வாய். என்னைக் கிளப்பிவிட்டது இங்கே கிடைத்த ஓர் எலும்புக்கூடுதான். கெட்டியான டோலமைட் கல்லுக்குள் அடைபட்டிருந்த அதன் தலைப் பக்கத்திலும் மார்புப் பக்கத்திலும் மீன் எலும்புகள், 40 முதல் 60 மீன்கள் வரை. எல்லாம் மத்தி வகை! தொல்லுயிர் ஆய்வாளர் ஒலிவியே லாம்பெர்ட்டின் குழு இதை 2015இல் வெளியிட்டது. மத்தி மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும் மீன். அப்படியானால் இந்தத் திமிங்கலம் கடைசி விருந்துக்கு ஆழம் போகவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், சண்டைப் பல் மட்டும் அப்போதே இருக்கிறது. தாடை நுனியில் ஒரு ஜோடி, மற்றவற்றைவிடப் பெரிதாக. அலகெலும்பு தடித்துக் கெட்டியாவதும் மெசாப்பிசீட்டஸ் அடங்கிய பழைய கிளையிலும் இன்றைய அலகுத் திமிங்கலங்களின் கிளையிலும் தனித்தனியாக நடந்திருக்கிறது. ஆண்கள் முட்டி மோதுவதுதான் காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு, எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. ஆழத்துக்குப் போவதற்கு முன்பே அடிதடிக்குப் பழகிய குடும்பம் போலிருக்கிறது!

சரி, கரையோர மத்தியை விட்டு இந்தப் பழைய கிளை ஏன் மறைந்தது? டால்ஃபின்கள் பெருகி அதே மீனுக்குப் போட்டியாக வந்ததால் இருக்கலாம் என்கிறார்கள். காலம் ஒத்துப்போவது உண்மைதான். அது மட்டுமே காரணத்துக்குச் சான்றாகிவிடுமா என்பதில் எனக்குத் தயக்கம். கடலும் அப்போது மாறிக்கொண்டுதானே இருந்தது?

போக நினைப்பவர்களுக்கு: அந்த நிலம் தெரிந்த வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள். பிற்பகலில் காற்று எழுந்தால் மணல் கண்ணைத் திறக்க விடாது, காலையிலேயே சுற்றி முடித்துவிடுவது நல்லது. தரையில் கிடக்கும் சிறு எலும்புத் துண்டும் பெருவின் தேசியச் சொத்து, எடுத்து வருவது குற்றம். அப்புறம், லிமாவுக்குத் திரும்பியதும் சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அரைநாளாவது ஒதுக்குங்கள். இந்தப் பாலைவனத்து ஆய்வுகளின் தலைமையகம் அதுதான்.