மைவிக்குள்ள பேசினா காது கேக்கணும்

காருக்குள்ள இரைச்சல் வராம இருக்க சவுண்ட்ப்ரூஃப் ஷீட்னு சொல்லி விக்கிறாங்களே, ஒரு பக்கம் அலுமினியம் ஒரு பக்கம் கருப்பு பசை, அது சத்தத்தை தடுக்கிற சாமானே இல்ல. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா ஷாப்பீல ரெண்டு மூணு பெட்டி வாங்கி காடி முழுக்க இண்டு இடுக்கு விடாம ஒட்டிட்டு "காசு போனது தான் மிச்சம், சத்தம் அப்படியே இருக்கு"ன்னு சொல்றவங்க நம்ம பக்கத்துல நிறைய பேரு. ஷீட்டு மேல குத்தம் இல்ல. தகரம் அதிர்றதை அடக்குறது தான் அதோட வேலை. காத்து வழியா உள்ள வர்ற சத்தத்தை மறிக்க வேற சாமான் வேணும், உள்ள வந்துட்ட சத்தம் பிளாஸ்டிக்ல பட்டு பட்டு திரும்பாம இருக்க இன்னொரு சாமான் வேணும். மூணும் மூணு வேலை, ஒன்னு செய்றதை இன்னொன்னு செய்யாது.

என்னோடது 2011-ல வந்த செகண்ட் ஜெனரேஷன் மைவி, எல்லாரும் லாகி பெஸ்ட்னு சொல்ற அதே காடி. வீடு பிறைல, வேலை பாயான் லெப்பாஸ்ல, அதனால போக வர பினாங்கு பாலம் தான், 13.5 கிலோமீட்டர், லிமிட் 80. கடல் காத்து ஒரு பக்கம், பக்கத்து லேன்ல கண்டெய்னர் லாரி ஒரு பக்கம், பாலத்து ஜாயிண்ட் மேல ஏறி இறங்குறப்ப டப்பு டப்புன்னு ஒரு சத்தம். எனக்கு அது பழகிப்போச்சு, பாட்டை கொஞ்சம் கூட்டி வெச்சா போயிரும். நான் இந்த வேலைல இறங்கினது அப்பாவுக்காக.

அப்பா பிறைல ஒரு நெசவு ஃபேக்டரில தறி ஓடுற ஹால்ல வேலை பாத்தவரு. இப்ப மலேசியாவுல 2019-ல வந்த சட்டப்படி எட்டு மணி நேர வேலைல சராசரியா 85 டெசிபலுக்கு மேல தொழிலாளி காதுல விழக்கூடாது, அதுக்கு முன்னால இருந்த 1989 விதிமுறைல அது 90. புது சட்டம் வர்றதுக்குள்ள அப்பா ரிட்டயர் ஆயிட்டாரு, காதும் போயிருச்சு. மெஷின் இரைச்சல்ல கெடுற காது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல தான் முதல்ல அடிவாங்கும், அதனால ஆளு பேசுறது கேக்கும், ஆனா ச, ஸ, த மாதிரி மெல்லிசா வர்ற எழுத்தெல்லாம் விழுந்துரும், "பேசுற தெரியுது என்ன சொல்றன்னு தெரியல"ம்பாரு. இதுல காடியோட உறுமல் தாழ்ந்த சத்தம், தாழ்ந்த சத்தத்துக்கு மேல இருக்கிற சத்தத்தை மூடுற குணம் ரொம்ப அதிகம். காது மெஷின் போட்டா அந்த உறுமலையும் சேத்து பெருசாக்குது, அதனால அப்பா காடில ஏறின உடனே மெஷினை கழட்டி சட்டை பாக்கெட்ல போட்டுட்டு வெளிய பாத்துட்டு வருவாரு. ஐலண்ட் ஆஸ்பத்திரிக்கு போக வர ஒரு வார்த்தை பேச முடியாது. அவரு கூட பேசிட்டு போகணும், அது தான் எனக்கு வேண்டியது. கான்சர்ட் ஹால் மாதிரி பேஸ் வேணும்னு தேடுறவங்க செய்ற வேலையும் இதுவும் கொஞ்சம் வேற வேற, அதை மனசுல வெச்சு படிங்க.

காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி டயரை பாருங்க, கெஞ்சி கேட்டுக்குறேன். 50, 60-க்கு மேல போனா சின்ன காடில நாம கேக்குற சத்தத்துல பெரும்பங்கு டயர் தான். டயர் பக்கவாட்டுல DOT-னு ஆரம்பிக்கிற கோட்ல கடைசி நாலு நம்பர் இருக்கும், 2319-னு இருந்தா 2019-ல 23-வது வாரம் செஞ்சது. பட்டை நல்லா இருந்தாலும் வயசான ரப்பர் இறுகிப் போயி இரையும், நம்ம வெயிலுக்கு சீக்கிரமே இறுகும். அடுத்து வீல் பேரிங். ஸ்பீடு ஏற ஏற ஊஊன்னு ஏறி, வளைவுல ஒரு பக்கம் திரும்பினா கூடி இன்னொரு பக்கம் திரும்பினா குறையுதுன்னா அது பேரிங், நேரா ஃபோர்மன்கிட்ட, அதாவது மெக்கானிக்கிட்ட போங்க, அதுக்கு ஷீட்டு ஒட்டி என்ன பிரயோஜனம், அது ஆபத்தும் கூட. கதவு சுத்தி இருக்கிற ரப்பரையும் பாத்துருங்க, ஒரு பண நோட்டை வெச்சு கதவை சாத்தி இழுத்தா லேசா உருவிக்கிட்டு வருதுன்னா அந்த இடத்துல காத்து உள்ள வருது.

இப்ப ஷீட்டுக்கு வர்றேன். தைப்பூசத்துக்கு உறுமி அடிக்கிறப்ப தோல் மேல உள்ளங்கைய வெச்சா சத்தம் டக்குனு செத்துரும் பாருங்க, அந்த வேலைய தான் இது தகரத்துக்கு பண்ணுது. தகரம் வளையுறப்ப பசை ரப்பர் நடுவுல மாட்டி இழுபடுது, மேல இருக்கிற அலுமினியம் அதை இழுபட விடாம பிடிச்சுக்குது, அந்த இழுபறில அதிர்வு சூடா மாறி போயிருது. அதனால தான் அலுமினியம் கனமா இருக்கிறது முக்கியம், பேருக்கு ஒட்டின பளபள பேப்பர்னா அங்க பிடிச்சுக்க ஒன்னும் இல்ல. பசை பியூட்டில் ரப்பரா இருக்கணும். விலை மலிவா கிடைக்குதேன்னு ஹார்ட்வேர் கடைல கூரை ஒழுகலுக்கு விக்கிற டேப்பை வாங்குறாங்க, அதுல நிறைய தார் கலந்தது, மோந்து பாத்தாலே தார் ரோடு போடுற வாசனை அடிக்கும். வெயில்ல நிக்கிற காடியோட தகரம் எவ்வளவு கொதிக்கும்னு கைய வெச்சவங்களுக்கு தெரியும், அந்த சூட்டுல தார் இளகி வழியும், வாசனை காடி உள்ள சுத்தும், செங்குத்தா இருக்கிற கதவுல இருந்து கழண்டு விழுந்து கண்ணாடி ஏத்துற மெஷின்ல மாட்டும்.

இன்னொரு விஷயம், முழுசா ஒட்டத் தேவையில்ல. ஒரு பேனலோட கால்வாசி, 25 சதவீதம், அதுவும் நடுவுல, அங்க தான் அதிகமா அதிரும், அவ்வளவு ஒட்டினாலே அதிர்வுல பெரும்பகுதி அடங்கிரும், அதுக்கு மேல ஒட்ட ஒட்ட கிடைக்கிற பலன் குறைஞ்சுக்கிட்டே போகும். விரல் மடக்கி தட்டி பாருங்க, டங்ங்னு இழுத்தா ஒட்டணும், டொக்குன்னு நின்னா போதும் விட்ரலாம். 2 மில்லிமீட்டர் ஷீட்டு சதுர மீட்டருக்கு 3 கிலோ பக்கம் வரும், மைவி மொத்தமே ஒரு டன் பக்கம் தான், தேவையில்லாம கனத்தை ஏத்தாதீங்க. மிச்சமாகுற காசை அடுத்த ரெண்டு சாமானுக்கு போடுங்க.

அந்த ரெண்டுல ஃபோம் பத்தி தான் நிறைய குழப்பம். 5, 6 மில்லிமீட்டர் ஃபோம் ஒட்டினா இரைச்சலை உறிஞ்சிரும்னு கடைல சொல்லுவாங்க. 100 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலை நீளம் 3.4 மீட்டர், அதை நல்லா உறிஞ்ச அதுல கால் பங்கு தடிமன், அதாவது 85 சென்டிமீட்டர் பஞ்சு வேணும், காடில எங்க போயி வைக்கிறது. ஃபோம் பிளாஸ்டிக்கும் தகரமும் உரசி கிரீச் கிரீச்னு வர்றதை நிறுத்தும், கனமான ரப்பர் ஷீட்டை தகரத்துல ஒட்டாம தள்ளி நிறுத்தும், அதுக்கு நல்ல சாமான். சத்தத்தை மறிக்கிறது கனம் தான், கனத்தை ரெண்டு மடங்காக்கினா ஏறக்குறைய 6 டெசிபல் குறையும்னு கணக்கு. எம்எல்வின்னு சொல்ற கனமான வினைல் ஷீட்டு அதுக்கு தான், சதுர மீட்டருக்கு 5 கிலோ பக்கம் வரும், ஆனா விட்டு விட்டு போட்டா பாதி பலன் அந்த சந்துலயே போயிரும், சேத்து சேத்து மூடணும். மேல் ஸ்தாயி சத்தத்துக்கு பஞ்சு மாதிரி ஃபெல்ட், ட்ரிம்முக்கு, அதாவது தகரத்தை உள் பக்கம் மூடியிருக்கிற பிளாஸ்டிக் தட்டுக்கு பின்னாடி இருக்கிற காலி இடத்துல, தண்ணி படாத இடத்துல மட்டும்.

மைவி மாதிரி ஹேட்ச்பேக்குக்கு பின்னாடி சாமான் வைக்கிற பூட்ல இருந்து ஆரம்பிங்க, கதவுல இல்ல. பூட்டுக்கும் நாம உக்காந்திருக்கிற இடத்துக்கும் நடுவுல சுவர் கிடையாது, பின் டயர் இரைச்சல் வீல் ஆர்ச், அதாவது டயருக்கு மேல வளைஞ்சிருக்கிற தகரம் வழியா ஏறி ஒரு பிளாஸ்டிக் தட்டைத் தாண்டி நேரா காதுக்கு வருது. ஸ்பேர் டயர் குழிய தட்டி பாத்தீங்கன்னா மணி அடிக்கிற மாதிரி ரீங்காரம் போடும். இங்க ட்ரிம்மு கழட்டுறதும் சுலபம், ஒரு காலைப்பொழுதுல முடிஞ்சிரும், முதல் தடவை கைவைக்கிறவங்களுக்கு கை பழக இதை விட நல்ல இடம் இல்ல. குழிக்கும் ரெண்டு ஆர்ச்சுக்கும் பியூட்டில், ஆர்ச் மேல ஃபோமும் வினைலும், சைடு ட்ரிம்முக்குள்ள ஃபெல்ட், இவ்வளவு தான் பண்ணேன், மொத்த வேலைல அதிக பலன் கொடுத்தது இந்த இடம் தான்.

கதவு கொஞ்சம் நிதானமா பண்ண வேண்டிய வேலை. உள் கைப்பிடிக்கு பின்னாடி ஒரு ஸ்க்ரூ, இழுக்கிற பிடிக்குள்ள ஒரு ஸ்க்ரூ, அப்புறம் சுத்தி கிளிப்பு. கிளிப்பு ரிமூவரை கிளிப்புக்கு நேரா கொடுத்து நெம்பணும், பழைய காடில ஒன்னு ரெண்டு உடையத்தான் செய்யும், கார் அக்சசரி கடைல முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க. ட்ரிம்மு வந்ததும் கருப்பு பசைல ஒட்டின ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு இருக்கும். அதை அலட்சியமா கிழிச்சு குப்பைல போட்டுட்டு மூடிர்ற கடைங்க இருக்கு, அதைப் பாத்தா எனக்கு உண்மையிலேயே கோவம் வரும். மழை தண்ணி கண்ணாடி ஓரமா எப்பவும் கதவுக்குள்ள இறங்கும், அது அப்படித்தான் செஞ்சிருக்காங்க, இறங்கின தண்ணி கீழ இருக்கிற ஓட்டை வழியா வெளிய போகும். அந்த பிளாஸ்டிக் இல்லன்னா தண்ணி ட்ரிம்மு வழியா உள்ள கார்ப்பெட்டுக்கு வரும். பழையபடி அதே பசைல ஒட்டுங்க, இல்ல பெரிய ஓட்டைங்களை பியூட்டில் ஷீட்டாலயே முழுசா மூடுங்க, ஆனா கண்ணாடி மோட்டருக்கும் லாக்குக்கும் நாளைக்கு கை விட வேண்டியிருக்கும்னு நினைச்சு கழட்டுற மாதிரி மூடுங்க. கீழ இருக்கிற தண்ணி ஓட்டைய மட்டும் எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது, மூடினா கதவு உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சு வெளிய பெயிண்ட் பொங்குறப்ப தான் தெரியும். வெளித் தகரத்தோட உள் பக்கத்துல ஒட்டுறப்ப கண்ணாடிய ஒருக்கா ஏத்தி இறக்கி எங்க வந்து போகுதுன்னு பாத்துக்கோங்க.

ஒட்டுற இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல எண்ணெய், தூசி போக துடைங்க, டிஷ்யூ வெள்ளையா வர்ற வரைக்கும். ரோலரால அமுக்குறப்ப ஷீட்டு மேல இருக்கிற பொடிப் பொடி டிசைன் தட்டையாகணும், அப்ப தான் முழுசா ஒட்டிருக்குன்னு அர்த்தம். கையுறை போடுங்க, அலுமினியம் ஓரம் பிளேடு தான்.

தரைக்கு சீட்டெல்லாம் கழட்டணும், சீட்டுக்கு அடில சென்சார், பெல்ட் ஒயர் எல்லாம் இருக்கு, பேட்டரி நெகட்டிவை கழட்டி கொஞ்ச நேரம் விட்டுட்டு தான் தொடணும். ஒரு தடவையாவது வெள்ளத்துல நின்ன காடியா இருந்தா முதல்ல கார்ப்பெட்டை தூக்கி பாருங்க, 2017 நவம்பர்ல நம்ம பினாங்குல வந்த தண்ணி எத்தனை காடிய முக்குச்சுன்னு தெரியும்ல. ஈரத்து மேல ஃபோமும் ஃபெல்ட்டும் போட்டா துரு உள்ளயே வளரும்.

ரூஃப் நான் இன்னும் பண்ணல. மழை சத்தத்துக்கு ரொம்ப நல்ல பலன் தரும், பெரிய தட்டைத் தகரம், நடுவுல நாலு துண்டு ஒட்டினாலே போதும், ஆனா ஹெட்லைனரை, அதாவது கூரைக்கு உள் பக்கம் இருக்கிற மூடிய, மடக்காம வெளிய எடுக்க ரெண்டு பேரு வேணும், தம்பி லீவுல வர்றப்ப பண்ணலாம்னு இருக்கேன்.

போன் ஆப்ல அளந்தா பாலத்துல 80-ல ரெண்டு மூணு டெசிபல் குறைஞ்சதா காட்டுது. அந்த ஆப்ல ஏ-வெயிட்டிங்னு ஒரு கணக்கு இருக்கும், அது தாழ்ந்த சத்தத்தை ரொம்ப கம்மியா எடுத்துக்கும், நாம அடக்கினது பெரும்பாலும் அதைத் தான், அதனால நம்பரை விட காதுக்கு அதிகமா தெரியும். போன வாரம் செக்கப்புக்கு போறப்ப பாலம் ஏறி பாதி தூரம் போயும் அப்பா மெஷினை கழட்டல, "இந்த பாலம் கட்டுறதுக்கு முன்னாடி ஃபெரிக்கு லைன்ல நின்னோம் தெரியுமா"ன்னு ஆரம்பிச்சாரு, 1985-க்கு முன்னாடி கதை எல்லாம் வந்துச்சு, நான் சாதாரணமா பேசினதுக்கே பதிலும் சொன்னாரு.

ரோலரும் கிளிப் ரிமூவரும் எனக்கு இப்போதைக்கு தேவையில்ல, பிறை, செபராங் ஜெயா, பட்டர்வொர்த் பக்கம் யாராவது பண்றதா இருந்தா சொல்லுங்க, எடுத்துட்டுப் போங்க. மைவி பூட் ட்ரிம்மு கழட்டத் தெரியலன்னா ஞாயித்துக்கிழமை காலைல வாங்க, சேந்தே பண்ணிரலாம்.