ஆறடித் தொட்டிக்கு ஒரு விளக்கு

மட்டக்களப்பின் கல்லடியில் என் மச்சானின் கந்தோருக்குள் நுழைந்தவுடன், ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட ஒரு நன்னீர் மீன்தொட்டி கண்ணில் படும். விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 680 லீற்றர் தண்ணீர் கொள்ளும் அந்தத் தொட்டியின் விளக்கை நான் செய்து கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. வருகிறவர்கள் மீனைப் பற்றிக் கேட்பதைவிட விளக்கைப் பற்றிக் கேட்பதே அதிகம் என்று மச்சான் சொல்கிறார். அவரால் விளக்கம் சொல்ல முடியாமல் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொலைபேசி எடுப்பதால், செய்த விதத்தையும் இடையில் நான் செய்த பிழைகளையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் பிழை. தொட்டி வந்த புதிதில், எல்லோரும் செய்வதுபோல, ஒட்டும் பசையுடன் சுருளாக வரும் ஐந்து மீற்றர் 12 வோல்ட் எல்இடி பட்டியை வாங்கி, ஓடாவியார் ஒருவர் செய்து தந்த பலகை மூடியின் உட்புறத்தில் மூன்று வரிசையாக ஒட்டினேன். அந்தப் பட்டியில் மூன்று எல்இடிகளும் ஒரு தடையும் சேர்ந்து ஒரு துண்டாக, அவ்வாறு நூறு துண்டுகள் பக்கம் பக்கமாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தால், மெல்லிய செப்புத் தகட்டின் வழியே போகும்போது வோல்ட் குறைந்து, மறுமுனை மங்கி எரியும். இதை இரு முனையிலும் மின் கொடுத்துச் சரிசெய்யலாம், செய்தேன். ஆனால் கல்லடி என்பது ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாகக் கிடக்கும் நிலம். யன்னலால் வரும் உப்புக்காற்றும், தொட்டியிலிருந்து எழுந்து மூடியின் கீழ் வியர்க்கும் நீராவியும் சேர்ந்து, ஐந்தாம் மாதத்தில் பட்டியின் செம்பைப் பச்சையாக்கிவிட்டன. முனைகளை அடைக்க நான் பூசியிருந்த சிலிக்கோனும் தன் பங்கைச் செய்தது. பூசும்போது வினாகிரி மணக்கும் சிலிக்கோன் உலரும்வரை அசற்றிக் அமிலத்தை வெளிவிடும். அது கண்ணாடிக்கு ஒன்றும் செய்யாது, செம்பை அரிக்கும். மின் இணைப்புகளுக்கு மணமற்ற, நடுநிலை வகைச் சிலிக்கோனையே பாவிக்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியைப் பிய்த்தெடுத்தபோதுதான் விளங்கிக்கொண்டேன்.

இரண்டாவது விளக்கைத் திட்டமிடும்போது, எத்தனை வாட் என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, தொட்டிக்குள் என்ன வளர்கிறது என்பதிலிருந்து தொடங்கினேன். மச்சான் நட்டிருந்தவற்றில் முக்கியமானது கிரிப்டோகோரைன் வென்டியை. உலகெங்கும் மீன்தொட்டிகளில் வளர்க்கப்படும் இந்தச் செடி இயற்கையில் இலங்கையில் மட்டுமே உள்ளது. மரநிழல் விழும் நீரோடைகளில் வேரூன்றி நிற்பது. நிழலில் பிறந்த செடிக்கு நடுப்பகல் வெயிலைக் கொடுத்தால் நன்மை பெறுவது செடியல்ல, பாசிதான். கரியமில வாயுவைக் குழாய் வழியே செலுத்தும் ஏற்பாடும் அந்தத் தொட்டியில் இல்லை. ஆகவே மிதமான ஒளி போதும், ஆனால் அது தொட்டியின் நான்கு மூலைக்கும் சமமாகப் போகவேண்டும், மீனின் நிறம் மனிதர் கண்ணுக்கு நன்றாகத் தெரியவேண்டும் என்று தீர்மானித்தேன்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி. அதன்மேல் பூசிய மஞ்சள் பொஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை உள்வாங்கி மஞ்சளாக வெளிவிட, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தோன்றுகிறது. அந்த நீலத்தைக் கண்டடைந்ததற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கலவையில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. 6500 கெல்வின், அதாவது நீலச்சாயல் கொண்ட குளிர் வெள்ளை, மட்டும் எரிந்தபோது தொட்டியில் இருந்த செர்ரி பார்ப் மீன்கள், அவையும் நம் நாட்டுக்கே உரியவை, சாயம்போன துணிபோல வெளிறிக் கிடந்தன. பார்த்துவிட்டு மாமி சொன்னது: “என்ன மனே, ஆசுப்பத்திரி வார்டு மாதிரிக் கிடக்கு.” அவர் சொன்னதைவிடச் சரியான விமர்சனத்தை நான் பிறகு எங்கும் கேட்கவில்லை.

ஆகவே மொத்தம் 60 எல்இடிகள், ஒவ்வொன்றும் 3 வாட் எனச் சொல்லி விற்கப்படும், நட்சத்திர வடிவ அலுமினியத் தகட்டில் பொருத்தப்பட்டவை. 36 எண்ணம் 6500 கெல்வின், 12 எண்ணம் சற்று மஞ்சள் கலந்த 4000 கெல்வின், 8 சிவப்பு, 4 நீலம். பன்னிரண்டு பன்னிரண்டாகத் தொடராக இணைத்தால் ஐந்து தொடர்கள். வெள்ளை எல்இடி ஒன்றுக்கு 700 மில்லி அம்பியரில் ஏறத்தாழ 3.2 வோல்ட் தேவை. பன்னிரண்டுக்கு 38 வோல்ட் அளவு. எனவே 48 வோல்ட், 200 வாட் பவர் சப்ளை ஒன்றும், தொடருக்கு ஒன்றாக 700 மில்லி அம்பியர் மாறா மின்னோட்ட டிரைவர்கள் ஐந்தும் எடுத்தேன்.

மாறா மின்னோட்டம் ஏன் என்பதை விளங்கிக்கொண்டால் மீதி வேலை எளிது. எல்இடியின் வோல்ட்டைச் சிறிதளவு கூட்டினாலும் அதனூடாகச் செல்லும் மின்னோட்டம் பெருமளவு கூடும்; சூடேறச் சூடேற அதற்குத் தேவையான வோல்ட் குறைவதால் மின்னோட்டம் மேலும் கூடும். வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் சப்ளையை நேரடியாக இணைத்தால் எல்இடி தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். டிரைவர் வோல்ட்டை விட்டுக்கொடுத்து மின்னோட்டத்தைப் பிடித்துவைத்திருக்கும். தொடரில் ஓடும் மின்னோட்டம் எங்கும் ஒன்றே என்பதால், 2.3 வோல்ட் அளவே கேட்கும் சிவப்பையும் 3.2 வோல்ட் கேட்கும் நீலத்தையும் ஒரே தொடரில் கோக்க முடிந்தது.

வெப்பத்துக்கு விலைகூடிய வெப்பத்தட்டு எதுவும் வாங்கவில்லை. அலுமினிய யன்னல் செய்யும் கடை ஒன்றில் வெட்டி ஒதுக்கிய தடித்த சட்டங்கள் மூன்றை, ஐந்தேகால் அடி நீளத்தில், நிறுத்து வாங்கினேன். சட்டத்துக்கு இருபது எல்இடிகள். இங்கே ஒரு சிறு தந்திரம்: ஒரு தொடரின் பன்னிரண்டு எல்இடிகளையும் ஒரே சட்டத்தில் வைக்காமல், சட்டத்துக்கு நான்காகப் பிரித்து மூன்றிலும் பரப்பினேன். தொடரில் ஒரு எல்இடி அறுந்தால் பன்னிரண்டும் அணையும். பரப்பி வைத்திருந்தால் தொட்டி முழுவதும் கொஞ்சம் மங்குமே தவிர, ஒரு மூலை இருண்டு போகாது.

அந்தத் தந்திரம் இரண்டாம் வாரத்திலேயே உதவியது. ஒரு தொடர் அணைந்தது. மல்டிமீற்றரை வைத்து ஒவ்வொன்றாகத் தேடியபோது, ஒரு எல்இடியின் அடியில் துளை போட்ட இடத்தில் அலுமினியப் பிசிறு ஒன்றை நான் அராவாமல் விட்டிருந்தது தெரிந்தது. தகடு சட்டத்தில் படியாமல் தலைமயிர் அளவு தூக்கி நிற்க, வெப்பக் களிம்பு எவ்வளவு பூசியும் பயனில்லாமல் அது கருகியிருந்தது. துளை போட்டதும் விரலால் தடவிப் பார்த்து, பிசிறை அராவி, களிம்பை நகத்தின் தடிப்பில் அல்ல, பார்வைக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லியதாகப் பூசி, இரண்டு திருகாணிகளால் இறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு எல்இடியின் ஈயப்பற்றுக்கும் சட்டத்துக்கும் இடையே மின்தொடர்பு இல்லை என்று மீற்றரில் உறுதிசெய்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

பழைய பலகை மூடிக்குள்ளேயே சட்டங்களைப் பொருத்தியதும் தவறாகத்தான் முடிந்தது. ஒளியாகாத மின்சாரம் எல்லாம் வெப்பமாகிறது; மூடிய பெட்டிக்குள் அது போக இடமில்லாமல், மதியத்தில் சட்டத்தின் வெப்பநிலை 60 பாகை செல்சியசைத் தாண்டியது, தண்ணீரும் 31 ஐத் தொட்டது. மூடியைக் கழற்றி, சட்டங்களைக் கூரையிலிருந்து உருக்குக் கம்பியில் தொங்கவிட்டு, தண்ணீருக்கு மேலே இருபது சென்ரிமீற்றர் உயரத்தில் நிறுத்தியதும் அதே நேரத்தில் சட்டம் 42 பாகைக்கு இறங்கியது. காற்றாடி எதுவும் தேவைப்படவில்லை. உப்புக்காற்றில் முதலில் நிற்பது காற்றாடிதான் என்பதால், அது இல்லாமல் முடிந்ததில் எனக்குத் தனி நிம்மதி.

மூடி போனதால் இரண்டு புதிய தொல்லைகள் வந்தன. கதிரையில் காத்திருப்பவர்களின் கண்ணில் ஒளி குத்தியது. முன்பக்கச் சட்டத்துக்கு 90 பாகை வில்லைகளைப் போட்டு அதைக் குறைத்தேன். தெறிக்கும் நீர் எல்இடியில் படாமல் ஒவ்வொரு சட்டத்தின் கீழும் மூன்று மில்லிமீற்றர் அக்ரிலிக் தகடு வைத்தேன். அதில் உப்பும் தூசியும் படிந்து ஒளியைக் குடிப்பதால், இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது. தண்ணீருக்கு மேலே மின்சாரம் தொங்குகிறது என்பதையும் ஒரு கணம்கூட மறக்கலாகாது. 230 வோல்ட் வரும் பவர் சப்ளை தொட்டியிலிருந்து தள்ளி, சுவரில் உயரத்தில் இருக்கிறது. தொட்டிப் பக்கம் வருவது 48 வோல்ட் மட்டுமே. வயர்கள் யாவும் ஒருமுறை கீழே தாழ்ந்து பின்னர் மேலேறுவதால், வழியும் நீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். சட்டங்கள் நிலத்தொடுப்பில் இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சுற்றுக்கு, மின்கசிவு ஏற்பட்டதும் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உண்டு.

இனி ஒளியின் அளவு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் மீற்றரின் உணரியைத் தெளிந்த பொலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி முடிந்து, ஒரு கல்லைக் கட்டி மணல்மேல் இறக்கினேன். வெள்ளைத் தொடர்கள் மட்டும் முழு அளவில் எரிய, நடுவில் 5,800 லக்ஸ்; மூலைகளில் 3,400. தொட்டியின் குறுக்கே ஒட்டிய தாங்கு கண்ணாடியின் கீழே எதிர்பார்த்ததைவிடக் குறைவு. செடிகள் பாவிக்கும் ஒளியைக் கணக்கிட, இத்தகைய வெள்ளைக்கு லக்ஸை ஏறத்தாழ 70 ஆல் வகுக்கலாம். நடுவில் அது சதுர மீற்றருக்குச் செக்கனுக்கு 80 மைக்ரோமோலைத் தாண்டுகிறது. கரியமில வாயு இல்லாத தொட்டிக்கு இது மிகை. கணக்கு அப்படிச் சொல்லியும், செய்த விளக்கை முழுதாக எரியவிட்டுப் பார்க்கும் ஆசையில் நாளுக்குப் பத்து மணித்தியாலம் மூன்று கிழமை ஓட்டினேன். இலை நுனிகளில் பச்சை மயிர்ப்பாசி தாடிபோல் தொங்கியது. அதற்கு என்னைத் தவிர வேறு யாரையும் குறைகூற முடியாது.

இப்போது ஆர்டுயினோ எனப்படும், நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்னணுப் பலகை ஒன்றும் மணிக்கூட்டுச் சில்லு ஒன்றும் டிரைவர்களுக்குக் கட்டளை கொடுக்கின்றன. காலை பத்து மணிக்குத் தொடங்கி முக்கால் மணித்தியாலத்தில் மெல்ல ஏறி, வெள்ளை 55 சதவீதத்திலும் சிவப்புத் தொடர் 70 சதவீதத்திலும் நிற்கும். மாலை ஐந்து மணிக்கு முன்பே இறங்கத் தொடங்கும். திடீரென்று விளக்கு எரிந்தால் மீன்கள் கண்ணாடியில் மோதும், மெல்ல ஏறினால் அசையாமல் இருக்கும். கிழக்கு யன்னலால் காலையில் ஒரு மணித்தியாலம் நேரடி வெயில் விழுவதைப் பல நாள் கவனிக்காமல் இருந்தேன். வெயிலுக்கு முன்னால் என் அறுபது எல்இடிகளும் மின்மினிதான். ஒரு தடித்த திரைச்சீலை, பாசிக்கு நான் செய்த எல்லா வைத்தியத்தையும்விட வேலை செய்தது. கிரிப்டோகோரைன் இந்த மாற்றங்களைப் பொறுக்காமல் இலைகளையெல்லாம் கூழாக உருக்கிவிட்டது. அது அந்தச் செடியின் சுபாவம். வேரைப் பிடுங்காமல் விட்டதால் இரண்டு மாதத்தில் குட்டையான, செம்பழுப்பு நிற இலைகளோடு மீண்டும் எழுந்தது.

கட்டளை வயர் கழன்றால் இவ்வகை டிரைவர் அணையாது. முழு ஒளிக்குப் போகும். ஒரு வெள்ளி மாலை செருகு முனை ஒன்று நழுவியதில் திங்கள் காலைவரை ஒரு தொடர் விடாமல் எரிந்திருக்கிறது. அதன்பின் செருகு முனைகளை நீக்கி ஈயப்பற்று வைத்ததோடு, ஆர்டுயினோ என்ன சொன்னாலும் மாலை ஐந்தரைக்கு 230 வோல்ட்டையே துண்டிக்கும் சாதாரண சுழல் டைமர் ஒன்றையும் வைத்திருக்கிறேன். 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை நினைத்து, விளக்கையும் பற்றரியில் ஓட்டலாமா என்று மச்சான் கேட்டார். விளக்கு இரண்டு நாள் இல்லாவிட்டாலும் மீன் சாகாது, காற்று நின்றால் சாகும் என்று சொல்லி, பற்றரியைக் காற்று மோட்டாருக்கு மட்டும் கொடுத்தேன்.

கடைசியாக அவர் கேட்டது நிலவொளி. கல்லடிப் பாலத்தின் கீழே பௌர்ணமி இரவில் மீன் பாடும் ஊரில் தொட்டிக்கு நிலா வேண்டாமா என்பது அவர் வாதம். முழுநிலவின் ஒளி கால் லக்ஸ் அளவுதான். கடைகளில் நிலவொளி என்று விற்கும் நீல விளக்குகள் அதைவிடப் பலமடங்கு பிரகாசமானவை. பழைய தொலைபேசிச் சார்ஜர் ஒன்றில் பெரிய தடையுடன் ஒரே ஒரு நீல எல்இடியைக் கோத்து, மாலை ஏழிலிருந்து ஒன்பதுவரை எரியும்படி செய்தேன். சில நாளில் இரவுக் காவலாளி ஐயா, அதை விடியும்வரை எரியவிட முடியுமா, அந்த வெளிச்சத்தில்தான் தான் சோற்றுப் பொதியை அவிழ்ப்பதாகக் கேட்டார். மீனுக்கு இருட்டு வேண்டும் என்று அவருக்கு விளங்கப்படுத்திவிட்டு, மிச்சமிருந்த 4000 கெல்வின் எல்இடி ஒன்றில் அவருடைய மேசைக்குத் தனி விளக்குச் செய்து கொடுத்தேன்.