83 என்ற ஒரு பைட்: பழைய கம்ப்யூட்டரில் பார்ட்டிஷன் படுத்திய பாடு

பெண்டியம் 3, 256 எம்பி நினைவகம், ஃப்ளாப்பி டிரைவ். இந்தக் கம்ப்யூட்டரை இன்னும் வைத்திருப்பதற்கு என்னிடம் இரண்டு காரணங்கள் உண்டு. யூனிகோடு வருவதற்கு முன் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்த கோப்புகள் விண்டோஸ் 98-இல்தான் ஒழுங்காகத் திறக்கின்றன. கூடவே ஒரு ஸ்கேனர் இருக்கிறது. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் விண்டோஸ் எக்ஸ்பியோடு நின்றுவிட்டது. 98, எக்ஸ்பி இரண்டையும் ஒரே ஹார்டு டிஸ்கில் நிறுவி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்து ஒதுக்கும் பகுதி) வைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆயிற்று.

டிஸ்க் 80 ஜிபி, ஐடிஇ வகை. வேறொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்காக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி எடுத்தேன். அதில் பழைய படங்கள் இருந்ததால் முதலில் முழு நகல் எடுக்க வேண்டியிருந்தது. பழைய கம்ப்யூட்டரின் யுஎஸ்பி வேகத்தில் இதைச் செய்தால் ஒரு நாள் போய்விடும். ஆகவே ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் ஒன்றைப் போட்டுப் புதிய கம்ப்யூட்டரில் செருகினேன். டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டது, திரையில் ஒன்றும் வரவில்லை. கேபிளை மாற்றினேன், செருகும் இடத்தை மாற்றினேன். அரை மணி நேரம் கழித்துத்தான் டிஸ்கின் பின்பக்கம் இருந்த ஜம்பர் என்ற சிறு செருகி ‘ஸ்லேவ்’ (இரண்டாவது டிஸ்க்) நிலையில் இருப்பது கண்ணில் பட்டது. ‘மாஸ்டர்’ (முதல் டிஸ்க்) நிலைக்கு மாற்றியதும் உடனே தெரிந்தது.

நகல் எடுக்க லினக்ஸில் டீடீரெஸ்க்யூ என்ற நகல் நிரலை ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது, கோப்பு மிகப் பெரியது என்று சொல்லி அது நின்றிருந்தது. நகலை வைத்த வெளி டிஸ்கின் நிலவரம் பிறகுதான் நினைவுக்கு வந்தது: அது ஃபேட்32, டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் பழைய முறை. அதில் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டுக்கு மேல் வளர முடியாது. கோப்பின் அளவை எழுதி வைக்க அங்கே ஒதுக்கியிருப்பது 32 பிட் மட்டுமே. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான். அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. வெளி டிஸ்கைக் காலி செய்து, என்டிஎஃப்எஸ் என்ற பிந்தைய முறைக்கு மாற்றி, மறுபடி தொடங்கி, இரவு பதினொன்றரைக்கு நகல் கையில் கிடைத்தது. முதல் ஞாயிறு அத்தோடு முடிந்தது.

திங்கள் இரவு டிஸ்கைப் பழைய கம்ப்யூட்டரில் மாட்டினேன். அதற்கு முன், சுத்தமாகத் தொடங்கலாம் என்று புதிய கம்ப்யூட்டரில் இருந்த வரைகலை டிஸ்க் கருவியால் எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தேன். அந்த அழிப்பில் ஒரு கண்ணி இருந்தது, அப்போது தெரியவில்லை.

கம்ப்யூட்டரைத் துவக்கும் உள் நிரலான பயாஸ் டிஸ்கைச் சரியாக அடையாளம் கண்டது: 80,026 எம்பி. விண்டோஸ் 98-இன் துவக்க ஃப்ளாப்பியைப் போட்டு பார்ட்டிஷன் போடும் நிரலான எஃப்டிஸ்கைத் திறந்தேன். டிஸ்கின் மொத்த அளவு 10,781 எம்பி என்றது. அதுவும் போதாதென்று, முழுதாக அழித்த டிஸ்கில் ‘டாஸ் அல்லாத’, அதாவது தனக்குத் தெரியாத வகையிலான, பார்ட்டிஷன் ஒன்று உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னது.

டிஸ்க் சாகப் போகிறது என்றுதான் முதலில் எண்ணினேன். திரும்பக் கழற்றிப் புதிய கம்ப்யூட்டரில் மாட்டி டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் பார்த்தேன். கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (டிஸ்கின் 512 பைட் துண்டுகள்) பூஜ்யம். சந்தேகத்தில் காத்திருக்கும் செக்டார்களும் பூஜ்யம். வயதுக்கு நல்ல ஆரோக்கியம். இந்தக் கழற்றி மாட்டும் வேலையை இத்தனை முறை செய்ததில், செவ்வாய்க்கிழமை முதல் திருகாணிகளைப் போடுவதையே விட்டுவிட்டேன். டிஸ்க், பெட்டிக்கு வெளியே ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தின் மேல் படுத்துக்கொண்டது.

10,781 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயாஸ் சொல்லும் எம்பி பத்து லட்சம் பைட். எஃப்டிஸ்கின் எம்பி 1,048,576 பைட். அந்தக் கணக்கில் இந்த டிஸ்க் 76,319 எம்பி. அதிலிருந்து 10,781-ஐக் கழித்தால் 65,538. அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 65,536 என்றால் 16 பிட்டில் எண்ணக்கூடிய எண்ணிக்கை. மீதி 2 எம்பி, டிஸ்கைச் சிலிண்டர் என்ற பெரிய துண்டுகளாக எண்ணும் பழைய கணக்கின் முழுமையாக்கலில் உதிர்ந்தது. பழைய எஃப்டிஸ்க் டிஸ்கின் அளவைக் கணக்கிட உள்ளே 16 பிட் எண்களைப் பயன்படுத்துகிறது. டிஸ்க் 64 ஜிபியைத் தாண்டினால் அந்த எண் நிரம்பி வழிந்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. பழைய காரின் மைல்மீட்டர் 99,999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்புவதைப் போல. 64 ஜிபி எங்கும் போகவில்லை. எண்ணியவனுக்கு விரல்கள் போதவில்லை. இந்தக் குறையைத் திருத்திய எஃப்டிஸ்க் பின்னால் வெளிவந்தது. என் ஃப்ளாப்பியில் இருந்தது பழையது.

அந்த ‘டாஸ் அல்லாத’ பார்ட்டிஷன் வேறு கதை. புதிய கம்ப்யூட்டரில் இருந்த வரைகலைக் கருவி, என்னைக் கேட்காமலே டிஸ்கில் ஜிபிடி என்ற புதிய வகைப் பார்ட்டிஷன் பட்டியலை எழுதியிருந்தது. கேட்டிருக்கும், நான் படிக்காமல் ‘சரி’ என்று அழுத்தியிருப்பேன். ஜிபிடி டிஸ்கின் முதல் செக்டாரில் பழைய எம்பிஆர் வடிவத்திலும் ஒரு பட்டியல் இருக்கும். அதில் ‘இஇ’ என்ற வகைக் குறியோடு, டிஸ்க் முழுவதையும் மூடுகிற ஒரே ஒரு பார்ட்டிஷன். ஜிபிடி தெரியாத பழைய நிரல்கள் டிஸ்க் காலியாக இருக்கிறது என்று நினைத்து எழுதிவிடக் கூடாது என்பதற்காக நிறுத்திவைத்த காவலாள் அது. என் எஃப்டிஸ்க் அந்தக் காவலாளைத்தான் பார்த்து மிரண்டது. விண்டோஸ் 98-க்கு ஜிபிடி தெரியாது, 32 பிட் எக்ஸ்பிக்கும் தெரியாது.

ஜிபிடியை அழிப்பதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பட்டியல் டிஸ்கின் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் மாற்று நகல் ஒன்று என இரண்டு இடங்களில் இருக்கும். தொடக்கத்தை மட்டும் மேலெழுதினால் கடைசியில் இருப்பது அப்படியே தங்கி, பிற்பாடு ஏதாவது ஒரு கருவி அதைக் கண்டுபிடித்துக் குழப்பும். ஜிடிஸ்க் நிரலின் நிபுணர் பட்டியலில் ‘இசட்’ என்ற கட்டளை இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது.

அதன் பிறகு லினக்ஸின் எஃப்டிஸ்கில், எம்பிஆர் முறையில், முதல் பார்ட்டிஷனை 20 ஜிபிக்கு உருவாக்கினேன். வகை ‘0சி’, அதாவது செக்டார்களை வரிசை எண்ணால் (எல்பிஏ முறையில்) அணுகும் ஃபேட்32. துவக்கக் கொடியும் ஏற்றினேன். அன்று ஒவ்வொரு அடியையும் தாளில் எழுதி, முடித்ததும் டிக் அடித்தபடி செய்தேன். அந்த ஒழுக்கம் ஒரு நாள்தான் நீடித்தது. பழைய கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்து 98-ஐ நிறுவினேன். அதற்கு அடுத்து எக்ஸ்பி. வரிசை முக்கியம்: பின்னால் வரும் எக்ஸ்பி, முன்னால் இருக்கும் 98-ஐ மதித்துத் தொடக்கத்தில் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியலைப் போடும். தலைகீழாகச் செய்தால் 98 துவக்கப் பகுதியில் தன்னை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும். எக்ஸ்பி தனக்கான 20 ஜிபியைத் தானே உருவாக்கி என்டிஎஃப்எஸ் ஆக்கிக்கொண்டது. இதில் எந்தத் தகராறும் இல்லை.

மிச்சம் 34 ஜிபிக்குச் சற்று மேல். இதுதான் பொதுப் பார்ட்டிஷன். 98-க்கு என்டிஎஃப்எஸ் படிக்கத் தெரியாது என்பதால் ஃபேட்32 ஆக இருந்தே தீர வேண்டும். எக்ஸ்பியின் டிஸ்க் மேலாண்மையில் ஃபார்மட் பெட்டியைத் திறந்தால், தேர்ந்தெடுக்க என்டிஎஃப்எஸ் ஒன்றுதான் இருந்தது. எக்ஸ்பி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 உருவாக்காது. ஏற்கெனவே உருவாக்கியிருந்தால் எவ்வளவு பெரிதானாலும் அலட்டாமல் படிக்கும், எழுதும்; தானே உருவாக்கித் தர மட்டும் மாட்டேன் என்கிறது. எஃப்டிஸ்க் செய்தது கணக்குப் பிழை, அதை மன்னிக்கலாம். இது கணக்குப் பிழைகூட இல்லை; எழுதியவர்கள் போட்ட வரம்பு.

தொலைபேசியில் தம்பியிடம் புலம்பினேன். “32 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் அண்ணா. இரண்டரை ஜிபிக்காக இத்தனை மெனக்கெடலா?” என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் இது இரண்டரை ஜிபி விவகாரமாக இல்லை.

புதன் நள்ளிரவு. டிஸ்கை மறுபடி புதிய கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய், மூன்றாவது பார்ட்டிஷனை லினக்ஸ் எஃப்டிஸ்கில் உருவாக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்தேன், கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் துண்டான கிளஸ்டரின் அளவு 32 கேபி. சில கோப்புகளைப் போட்டுப் பார்த்தேன், திறந்தன. தூங்கப் போனேன்.

வியாழன் மாலை பழைய கம்ப்யூட்டரில் 98 எழுந்தது. ‘மை கம்ப்யூட்டர்’ சன்னலில் சி இருந்தது, சிடி டிரைவ் இருந்தது. பொதுப் பார்ட்டிஷன் இல்லை. எக்ஸ்பிக்குப் போனேன். டிஸ்க் மேலாண்மையில் 34 ஜிபிப் பட்டை இருக்கிறது, ஆரோக்கியம் என்றும் இருக்கிறது, ஆனால் இன்னதென்று தெரியாத பார்ட்டிஷனாம். டிரைவ் எழுத்து கொடுக்கவில்லை. லினக்ஸில் மாட்டினால் என் கோப்புகள் முந்தைய இரவு வைத்த இடத்திலேயே இருக்கின்றன. இருவர் இல்லை என்கிறார்கள், ஒருவர் இருக்கிறது என்கிறார்.

கருவிகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போய், முதல் செக்டாரையே திறந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். 512 பைட்தானே. லினக்ஸில் அதைப் பதினாறடிமான எண்களாக அச்சிட்டுப் பார்த்தேன். முதல் 446 பைட் துவக்க நிரலுக்கு உரியது, அதை விட்டுவிடலாம். அதற்கு அடுத்த 64 பைட்தான் பார்ட்டிஷன் பட்டியல்: தலா 16 பைட்டாக நான்கு வரிகள். எம்பிஆரில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாததற்குக் காரணம் இந்த இடநெருக்கடிதான். கடைசி இரண்டு பைட் ‘55 ஏஏ’ என்ற முத்திரை.

ஒவ்வொரு வரியிலும் முதல் பைட் துவக்கக் கொடி. அடுத்த மூன்று, பழைய சிலிண்டர் கணக்கில் தொடக்க இடம். ஐந்தாவது பைட்தான் வகைக் குறி. ஆக, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 450, 466, 482 ஆகிய இடங்களைப் பார்த்தால் போதும். விரலை வைத்து எண்ணினேன். 450-இல் ‘0சி’: ஃபேட்32, சரி. 466-இல் ‘07’: என்டிஎஃப்எஸ், சரி. 482-இல் ‘83’.

83 என்றால் லினக்ஸ் பார்ட்டிஷன். லினக்ஸ் எஃப்டிஸ்கில் புதிதாக ஒன்றை உருவாக்கினால், வேறு எதுவும் சொல்லாதவரை அது போடும் குறி இது. நள்ளிரவில் நான் வேறு எதுவும் சொல்லவில்லை. முதல் பார்ட்டிஷனுக்குத் தாளில் எழுதி டிக் அடித்த அதே அடியை மூன்றாவதற்கு விட்டுவிட்டேன். ஃபார்மட் நிரல் பார்ட்டிஷனுக்கு உள்ளே மட்டும் வேலை செய்யும். வெளியே பட்டியலில் இருக்கும் குறியைத் தொடாது.

உறுதிப்படுத்திக்கொள்ள மூன்றாவது பார்ட்டிஷனின் முதல் செக்டாரையும் திறந்தேன். அங்கே 82-ஆவது பைட்டிலிருந்து, எழுத்துக்கு எழுத்து, ‘ஃபேட்32’ என்றே எழுதியிருந்தது. வாசலில் ஒருவர் பெயர்ப்பலகை, வீட்டுக்குள் வேறொருவர் குடித்தனம். லினக்ஸ் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. கதவைத் திறந்து உள்ளே இருப்பது யார் என்று பார்க்கிறது. விண்டோஸ் பலகையைப் படித்துவிட்டு, இது நம் ஆள் இல்லை என்று தெருவோடு போய்விடுகிறது.

இனி வேலை எளிது. லினக்ஸ் எஃப்டிஸ்கில் ‘டி’ (t, வகையை மாற்றும் கட்டளை) அழுத்தி, மூன்றாவது என்று சொல்லி, வகையாக ‘சி’ கொடுத்து, சேமிக்க ‘டபிள்யூ’ அழுத்தினேன். ஃபார்மட் தேவையில்லை, கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது, மாறுவது ஒரே ஒரு பைட். மறுபடி அச்சிட்டுப் பார்த்தேன்: 482-இல் ‘0சி’. இதே போல் சிக்கிக்கொள்பவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்: எக்ஸ்பியில் தெரியாத பார்ட்டிஷன் என்று வந்தால் அவசரப்பட்டு அழித்துவிட்டுத் தொடங்காதீர்கள். முதலில் அந்த முதல் செக்டாரை ஒரு கோப்பில் பத்திரப்படுத்துங்கள். 512 பைட்தான், ஃப்ளாப்பியில்கூட அடங்கும். வகைக் குறியைப் பிறகு பாருங்கள்.

வெள்ளி இரவு 98-இல் பொதுப் பார்ட்டிஷன் ‘டி’ (D) டிரைவாக வந்துவிட்டது. பழைய கோப்பு ஒன்றை அதில் போட்டுத் திறந்தேன். எழுத்துகள் கட்டம் கட்டமாக வராமல் எழுத்துகளாகவே வந்தன. எக்ஸ்பியிலும் தெரிகிறது, ஆனால் அங்கே அது ‘இ’. எக்ஸ்பி தன் பார்ட்டிஷனுக்கு ‘டி’ எடுத்துக்கொண்டுவிட்டது. 98 அந்த என்டிஎஃப்எஸ்ஸைக் கண்டுகொள்ளாமல் பொதுப் பார்ட்டிஷனுக்கு ‘டி’ கொடுத்துவிட்டது. எக்ஸ்பி தான் நிறுவப்பட்ட டிரைவின் எழுத்தை மாற்ற விடாது. ஆகவே ஒரு பக்கம் வைத்த குறுக்குவழி மறுபக்கம் வேலை செய்யவில்லை. இப்போதைக்கு இரண்டிலும் தனித்தனிக் குறுக்குவழிகள் போட்டிருக்கிறேன்.

இன்னும் மிச்சமிருப்பவை: தாய்ப்பலகையின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது, மின்சாரத்தைத் துண்டித்தால் தேதியும் துவக்க வரிசையும் பழையபடி போய்விடுகின்றன. அதை மாற்ற வேண்டும். டிஸ்க் இன்னும் நோட்டுப் புத்தகத்தின் மேலேயே இருக்கிறது. திருகாணிகள் நான்கில் மூன்று கிடைத்துவிட்டன. ஸ்கேனரை இன்னும் செருகிப் பார்க்கவில்லை.