கை பம்ப் கெட்டியாகாத வண்டி

"டேங்க்ல டீசல் ரொம்பக் கம்மியா இருந்தாலும் ஏர் எடுக்குங்க."

டீசல் குழாயில் ஏன் ஏர் (காற்று) நுழைகிறது என்று லாரி முதலாளி போனில் கேட்டதற்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். டீசல் வண்டி தெரிந்த யாரும் இதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இந்த ஒரு வரியை வைத்துத்தான் டிரைவர் அண்ணனின் நாலு நடை பேட்டாவைப் பிடித்தார்கள்.

ராணுவ ஏலத்தில் எடுத்த ஸ்டாலியன் லாரி அது. நெல்லியாம்பதி மலைப் பக்கம் தடி லோடுக்குப் போய்க்கொண்டிருந்தது. செல்ஃப் நன்றாக அடிக்கும், வண்டி மட்டும் எடுக்காது. 24 வோல்ட் வண்டி. செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தேன், 20-க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் சரி என்றானது. அடுத்து சைலன்சர் வாய். வெள்ளைப் புகை வந்தால் சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் நாசில் வரை டீசல் போகிறது, எரியத்தான் மாட்டேன் என்கிறது. கம்ப்ரஷன், டைமிங் பக்கம் போகவேண்டும். இங்கே பதினைந்து விநாடி அடித்தும் புகையே இல்லை. சிலிண்டருக்கு டீசல் போகவே இல்லை. என்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள் பாதியில் நின்றாலும் இப்படித்தான் ஆகும் என்பதால் நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பெரிய பம்ப் மேலிருக்கும் லீவரைக் கையால் தள்ளிப் பார்த்தேன். முழுதாகத் திரும்பியிருந்தது.

இதுவரை செய்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இதற்கப்புறம்தான்.

டிரைவர் அண்ணன் அப்போது இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று: "கை பம்ப் எத்தன அடிச்சாலும் கெட்டியாவே ஆவ மாட்டேங்குது தம்பி." இன்னொன்று: "மேட்டுல மூக்கத் தூக்கி நிறுத்துனா காலைல எடுக்காது. சமத்துல நிறுத்துனா எடுத்துக்குது."

இந்த இரண்டும் சேர்ந்தால் விடை முடிந்துவிட்டது என்பது இன்று எனக்கு வெட்டவெளிச்சம். ஃபீட் பம்ப் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது, கை பம்ப்பை அடித்தாலும் அதே வேலைதான். உறிஞ்சும் பக்கத்தில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் அங்கே டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். வண்டி நிற்கும்போதும், டேங்கின் டீசல் மட்டத்துக்கு மேலே ஓடும் குழாயில் அதேதான். இரவெல்லாம் காற்று நுழைய நுழைய, குழாயில் நின்ற டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். மூக்கு மேலே இருந்தால் என்ஜினை விட டேங்க் இன்னும் தாழ்ந்துபோகும், இறக்கமும் வேகமாக இருக்கும். அதனால்தான் மேட்டில் எடுக்கவில்லை, சமத்தில் எடுத்தது. டீசல் நிறைந்தால் கை பம்ப் அடிக்க முடியாமல் கெட்டியாகும், இது ஆகாததும் அதனால்தான். அடிக்க அடிக்கக் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. அடியில் ஈரமில்லையே, லீக் இல்லையே என்று பார்ப்பவர் ஏமாறுகிற இடம் இது. அழுத்தும் பக்கத்து ஓட்டை கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்து ஓட்டை தெரியாது.

நான் என்ன செய்தேன்? பம்ப்பைக் கழற்றலாம் என்றேன்.

அதற்கும் காரணம் இருந்தது. ஏல வண்டிகள் யார்டில் வருஷக்கணக்கில் நின்று வருபவை. உள்ளே டீசல் பிசின் மாதிரி இறுகும், டேங்கில் தண்ணீர் சேரும், பம்ப்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற தண்டு துருவில் பிடித்துக்கொள்ளும். பட்டறைக்கு வந்த அப்படி ஒரு வண்டியில் ராக் கையால் அசைக்கவே முடியாமல் இருந்தது. தகட்டில் மைக்கோ என்றிருந்த இந்தப் பம்ப்பை (2008-லேயே கம்பெனி பெயர் பாஷ் என்று மாறிவிட்டது, எங்கள் பக்கம் இன்றும் மைக்கோதான்) ஏலத்துக்குப் பிறகு யாரும் தொட்டதில்லை. சந்தேகப்பட்டது தப்பில்லை. ஆனால் பக்கவாட்டு மூடியைத் திறந்து ராக் ஓடுகிறதா என்று பார்க்க எவ்வளவு நேரமாகும்? அதைப் பார்க்காமலேயே கப்ளிங்கில் குறி போட்டுக் கழற்றி, கோயம்புத்தூருக்கு காலிபரேஷனுக்கு (டீசல் அளவைச் சரிபார்க்க) அனுப்பினேன். திரும்பி வர நாலு நாள்.

சோதனை பெஞ்சில், டீசலை அழுத்தும் எலிமென்ட்களில் இரண்டு அளவு குறைவாகக் காட்டியது, மாற்றினார்கள். அந்தச் செலவு வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பம்ப் வந்ததும் குறியைச் சேர்த்து மாட்டினேன். ஃபில்டர் மேலிருக்கும் ஸ்குரூவைத் தளர்த்தி நுரை நிற்கும்வரை கை பம்ப் அடித்து, அப்புறம் பம்ப்பின் ஸ்குரூ, அப்புறம் இரண்டு நாசில் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடித்து உள்ளேயிருந்த ஏரை வெளியேற்றினேன். நுரை நிற்க ரொம்ப நேரம் பிடித்தது. அப்போதாவது நிதானித்திருக்க வேண்டும். வண்டி எடுத்ததும், பம்ப்தான் பிரச்சனை என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை மேலே எடுக்கவில்லை.

அப்போதுதான் முதலாளியின் போன். வண்டி நின்றிருந்த நாட்களுக்குக் கணக்குக் கேட்கிற குரல். "பம்ப் பாத்தாச்சில்ல? அப்பறம் எதுக்கு ஏர் எடுக்குது? டீசல் தீர விட்டானா?" அதற்குத்தான் அந்தப் பதில். தீர விட்டார் என்று நான் சொல்லவில்லை. கம்மியாக இருந்தாலும் எடுக்கும் என்றுதான் சொன்னேன். ஆனால் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். "பைப்ப இன்னும் பாக்கலீங்க" என்ற மூன்று வார்த்தை வாயில் வரவில்லை. பம்ப் பில் கொடுத்து ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை.

மேலே போகும்போது ஒரு கேனில் பத்து லிட்டர் டீசலும், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ட்யூப் ஒரு மீட்டரும் எடுத்துப் போனேன். டேங்கிலிருந்து வரும் குழாயை ஃபீட் பம்ப்பில் கழற்றிவிட்டு, ட்யூபை மாட்டிக் கேனில் விட்டேன். இருபது அடியில் கை பம்ப் கல் மாதிரி ஆனது. இரண்டாவது செல்ஃபில் வண்டி எடுத்தது. பம்ப், ஃபில்டர், நாசில் எல்லாம் சரி. பிழை டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில். கையால் தடவிக்கொண்டே போனேன். சேஸில் குழாயைப் பிடிக்கும் கிளிப்பின் ரப்பர் போயிருந்தது. இரும்பும் இரும்பும் உரசி, கிளிப்புக்கு அடியில் முடி நுழையும் அளவுக்குத் துளை. அந்தத் துண்டை வெட்டி, டீசல் ஹோஸ் போட்டு இரண்டு பக்கமும் கிளாம்ப் முறுக்கினேன். அரை மணி நேர வேலை. டேங்கைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன், பாதிக்கு மேல் டீசல் இருந்தது.

டிரைவர் அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "டீசல் இருக்குதா தம்பி?" என்று கேட்டார். "இருக்குதுங்கண்ணா" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. பேட்டா பிடித்த விஷயம் எனக்குத் தெரிய வந்தது ஒரு வாரம் கழித்து, கிளீனர் பையன் சொல்லித்தான்.

மலிவான சோதனையை முதலில் செய் என்று பட்டறைக்கு வரும் பையன்களுக்குச் சொல்கிறேன். கேனும் ட்யூபும் இப்போது எப்போதும் ஆணியில் தொங்குகின்றன. ஆனால் அந்தப் பம்ப்பை அன்று அனுப்பாமல் இருந்திருந்தால், தேய்ந்த இரண்டு எலிமென்டோடு மழைக்காலத்தில் மலையில் நின்றிருக்கும் என்றும் தோன்றுகிறது. வேலையைப் பற்றி எந்தப் பக்கமும் வாதாட என்னால் முடியும். போனில் சொன்ன அந்த வரியைப் பற்றி மட்டும் முடியவில்லை.

வருகிற திங்கட்கிழமை ஆயில் மாற்ற அந்த வண்டி வருகிறது. முதலாளியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். டேங்க் பாதிக்கு மேல் இருந்தது என்று சொல்லிவிட வேண்டும் என்றிருக்கிறேன். போன தடவை ஆயில் மாற்ற வந்தபோதும் அப்படித்தான் இருந்தேன்.